எங்கள் தெருவில் பெல் அடிக்காது, எரியும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து மோசம். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் விரல்கள் பிடித்ததெல்லாம் தறியில் அறுந்துபோகிற நூலைத்தான். பத்திரிகை ஆபீசில் டைப் அடிக்கும் தம்பி போன தடவை நான் அனுப்பிய ஒரு பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துப் பார்த்தாராம். நேராகப் பிடித்தபோது எவ்வளவு புரிந்ததோ, அதே அளவுதான் அப்போதும் புரிந்ததாம்!

இன்னொரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு வாசகி, மழை தொடங்கும்போதே கேட்டிருந்தார். "சுவிட்சைத் தொட்டால் சுள்ளென்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டால் வாரேன் வாரேன் என்கிறார், வருவதில்லை. இதைப் பற்றி ஒரு வாரம் எழுதக் கூடாதா?" என்று.

எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் வேறு எதையோ எழுதி அனுப்பிவிட்டேன். என்ன காரணம்? எலக்ட்ரீசியனைப் பற்றி எழுதினால் என் தங்கையைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது...

எலக்ட்ரீசியனுக்கும் தங்கைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரம். என் வீட்டு ஃபேன் நின்றுவிட்டது. நின்றது என்றும் சொல்ல முடியாது. சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்ம்...’ என்று முனகும். சுற்றாது. விளக்குமாற்றுக் கட்டையால் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளினால் மெதுவாகக் கிளம்பும். நீங்களும் தள்ளியிருப்பீர்கள். தள்ளாதவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

நான் தனியாள். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் வாயைத் திறக்கவே இல்லை. ‘பையனுக்குப் பேச்சு வருமா?’ என்று பெண் வீட்டார் சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூச்சத்தோடேயே தலை பாதி நரைத்துவிட்டது. ஆகவே என் வீட்டில் ஃபேனைத் தள்ளிவிடுவதும் நான்தான், அதன் கீழே படுப்பதும் நான்தான்.

ஃபேனோடு முடிந்திருந்தால் கட்டையை வைத்தே காலத்தை ஓட்டியிருப்பேன். சுவிட்ச் போர்டிலிருந்து கருகல் வாசனை வர ஆரம்பித்தது. பக்கத்தில் போய்க் காதை வைத்தால் உள்ளே ‘சடசட’. பயந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் மெயின் பாக்ஸ் மூடியைத் திறந்தால், உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிய போன் நம்பர்கள் இருக்கும். வேலை பார்த்துவிட்டுப் போகிற எலக்ட்ரீசியன் தன் நம்பரை எழுதிவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் முந்தின ஆளின் நம்பரை அழிக்க மாட்டார். அதற்குக் கீழே தன்னுடையதை எழுதுவார். தொழில் மரியாதை.

என் வீட்டு மூடியில் மூன்று நம்பர். முதலாவது உபயோகத்தில் இல்லை. இரண்டாவதை ஒரு அம்மா எடுத்தார். ஃபேன் சுற்றவில்லை என்றேன். "அவிய துபாய்ல இருக்காவ. அங்கன இருந்து எட்டித் தள்ளிவிடச் சொல்லவா?" என்று கேட்டார். போனில் பேசுவதே எனக்குப் பெரிய பாடு. இதற்குப் பிறகு மூன்றாவது நம்பரை அழைக்க ஒரு டீ குடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது நம்பர், சேவியர்.

"வாரேன் அண்ணாச்சி. சாயங்காலம் வந்துருதேன்."

வரவில்லை. மறுநாள் போன் செய்தேன்.

"வந்தேனே அண்ணாச்சி! பெல்ல அமுக்குனேன். ஒருத்தரும் வரல. போயிட்டேன்."

எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்திருப்பார்களோ? பதில் மாறுவதே இல்லையே! நான் சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். பெல்லைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

‘பெல்லைப் பார்த்துக்கொண்டா?’ என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. இதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் குடியிருப்பது ராஜபாளையத்தில், சத்திரப்பட்டி போகிற ரோட்டுப் பக்கம், பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள் ஓடும் தெரு. வாரத்தில் ஞாயிறு தவிர, விடிந்ததிலிருந்து ‘கடகடகட’தான். கதவைத் தட்டினால் கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. ‘டிங் டாங்’ பெல் வைத்தால் அதுவும் கேட்காது. போதாததற்கு, தறியில் நின்று நின்று எங்களுக்கெல்லாம் காதும் பாதிதான்.

அதனால் எங்கள் தெருக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். வாசல் கேட்டில் சாதாரண பெல் சுவிட்ச். உள்ளே பெல்லுக்குப் பதிலாக ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. வெளியே அமுக்கினால் உள்ளே பல்பு எரியும். "பெல் எரியுது, யாருன்னு போய்ப் பாரு" என்றுதான் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். வெளியூர் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் தெருவில் பெல் அடிக்காது, எரியும்.

என் வீட்டில் அந்தப் பல்பு உள் அறையில், கட்டிலுக்கு எதிரே. அதைப் பார்த்தபடிதான் சேவியருக்காக உட்கார்ந்திருந்தேன். எரியவில்லை. ஆகவே சேவியர் வரவில்லை. இதில் என்ன சந்தேகம்?

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் சேவியருக்காக மட்டும் அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால் பஞ்சு மார்க்கெட் பக்கம் சேத்தூர் வேலுச்சாமியைப் பார்த்தேன். எனக்குப் பெரியப்பா மகன். பைக்கை ஓரம் கட்டி, "ஏலே, கௌசி கல்யாணத்துக்கு எப்பப் போற? மாமன்காரன் மொத நாளே போகணும்லா?" என்றான்.

கௌசி என் தங்கை பேச்சியின் மகள். என் ஒரே தங்கையின் ஒரே மகள்.

"எந்தக் கல்யாணம்?" என்றேன்.

வேலுச்சாமியின் முகம் மாறிவிட்டது. "ஒனக்கு வைக்கலியா? எங்க வீட்டுக்கு வந்து வச்சிட்டுப் போயிட்டாகளே... கார்த்திகைல கல்யாணம். கார்டுல தாய்மாமன்னு ஒம் பேரு போட்டிருக்கு. வருவாகலே, வருவாக. மாமனுக்கு வைக்காம எங்க போவாக?" என்று சொல்லிவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டவன் மாதிரி பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குப் பத்திரிகை வைப்பது சின்ன விஷயமில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்து நேரில் வர வேண்டும். உட்கார வேண்டும். ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. வாட்ஸப்பில் வந்தால் அவமானம். தட்டு வராமல் மாமன் கிளம்பினால், ‘கூப்பிடாமலே வந்து நிக்கான்’ என்பார்கள். கிளம்பாவிட்டால், பெண்ணுக்கு மாமன் மாலை போட ஆள் இருக்காது. கௌசி பந்தலில் நின்று வாசலைப் பார்ப்பாள்.

பேச்சிக்கும் எனக்கும் சண்டையா? அதுதான் இல்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். எங்களுக்குள் எதுவுமே நடக்கவில்லை. எதுவும் நடக்காததை யார் வந்து சரிசெய்வது?

அம்மா இருந்தவரை பேச்சி அடிக்கடி வந்துபோவாள். அம்மா போனதும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தத் தறித் தெருவுக்கு வந்தேன். இந்த ஒன்றரை அறையை அவள் பார்க்க வேண்டாமே என்று எனக்குக் கூச்சம், கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவளுக்கு ரோஷம், வரவில்லை. ராஜபாளையத்துக்கும் பேச்சி வாழ்க்கைப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லை. ஆனால் வருஷங்கள் ஓடிவிட்டன.

கௌசிக்கு மாமன் சேலை நான் எப்போதோ எடுத்து வைத்துவிட்டேன். பச்சையில் அரக்கு பார்டர். டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு கிடக்கிறது.

ஆகவே அந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, வழக்கம்போல பனியனோடு உட்காராமல், சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பால் பாக்கெட்டும் வாங்கி வைப்பேன். தட்டோடு வருகிறவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டாமா? தூங்கப் போகும்போது அந்தப் பாலை நானே குடிப்பேன்.

பல்பு எரியவில்லை. சேவியரும் வரவில்லை, பேச்சியும் வரவில்லை. சேவியரைத் திட்ட முடிந்தது. பேச்சியை என்ன சொல்ல?

கடைசியில் ஒரு காலை நேரே போய் சேவியரைப் பிடித்தேன். வாசகிக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். எலக்ட்ரீசியன் போனில் கிடைக்க மாட்டார். காலையில், எலக்ட்ரிக்கல் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் கிடைப்பார். கடை திறக்கும்வரை எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். சாமான் வாங்கிக்கொண்டு டூல்ஸ் பையோடு கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியாது. சேவியர் வடையும் கையுமாக அகப்பட்டார்.

"ஏம்ப்பா, வந்தேன் வந்தேன்னு சொல்லுத. வந்த மாதிரியே தெரியலயே?"

"அந்தோணியார் சத்தியமா வந்தேன் அண்ணாச்சி! ரெண்டு மட்டம் வந்தேன். அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சு போச்சு."

"நான் பல்பப் பாத்துக்கிட்டேதான உக்காந்திருந்தேன்."

"அப்போ நான் பொய் சொல்லுதேனா? எந்திரிங்க. வந்து அமுக்கிக் காட்டுதேன்." வடையை வாயில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

அவர் கேட்டருகே நின்றார். நான் உள்ளே போய்ப் பல்புக்கு எதிரே நின்றேன். நின்றேன்... நின்றுகொண்டே இருந்தேன். வெளியே வந்து, "அமுக்குப்பா" என்றேன்.

"அமுக்கிக்கிட்டேதான அண்ணாச்சி இருக்கேன்!"

பல்பைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். "கம்பி அந்துபோச்சு. பல்பு பியூசு. இது எப்பம் போச்சு?"

"தெரியலப்பா."

"சரி, கடைசியா எப்பம் எரிஞ்சிச்சு?"

யோசித்தேன். கேஸ் சிலிண்டர்காரர் போன் செய்துவிட்டு வருவார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வெளியிலேயே பார்த்துவிட்டுப் போய்விடுவார். கேபிள்காரர் மாதம் பிறந்தால் தறிக்கூடத்துக்கே வந்துவிடுவார். வேறு யார்? கடைசியாக அந்தப் பல்பு சிவப்பாக எரிந்து நான் எழுந்து போனது எப்போது? ஞாபகமே வரவில்லை.

பியூஸ் போன பல்பும் எரியாது. யாரும் வராத வீட்டுப் பல்பும் எரியாது. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

"மாசம் ஒருக்கா அமுக்கிப் பாத்திருக்கலாம்ல?" என்றார் சேவியர்.

"வெளிய நின்னு அமுக்குனா உள்ள எரியுறது எனக்கு எப்படிப்பா தெரியும்? அமுக்க ஒரு ஆளு, பாக்க ஒரு ஆளு வேணும்லா?"

சிரிக்க வாயெடுத்த சேவியர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

ஃபேனுக்குப் புதுக் கண்டன்சர் போட்டார். முனகிக்கொண்டு சுற்றாத ஃபேனுக்குப் பெரும்பாலும் அதுதான் வியாதியாம். சின்ன சாமான், சின்ன வேலை. பிறகு மெயினை இறக்கிவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றியவர் போட்டாரே ஒரு சத்தம்! தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அண்ணாச்சி! இந்தச் சின்ன பாயிண்டுலயா வெந்நீர்க் கம்பியச் சொருகுதீய? இது செல்போனு சார்ஜ் போடுறதுக்குள்ளது. பாருங்க, அம்புட்டும் கருகிப் போச்சு. ஒத்த ஆளு குளிக்கப் போயி தெருவையே கொளுத்திருவீய போல. சுத்திப் பூரா பஞ்சு!"

வெட்கமாக இருந்தது. பஞ்சிலேயே பிழைக்கிறவன் செய்கிற வேலையா இது? தண்ணீர் சுட வைக்கிற கம்பி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் பெரிய பிளக் பாயிண்டில்தான் போட வேண்டும். சேவியர் தனியாக ஒன்று வைத்துக் கொடுத்தார்.

வாசகி கேட்ட ஷாக் விஷயத்தையும் அவரிடம் கேட்டேன். "மழைக்குச் செவுரு ஊறியிருக்கும். உள்ள ஒயரு எங்கயாவது உரிஞ்சு கெடக்கும். மொதல்ல மெயினை எறக்கச் சொல்லுங்க. எர்த்து இருக்கா, கரெக்டா இருக்கான்னு ஒரு ஆளக் கூப்ட்டுப் பாக்கச் சொல்லுங்க. ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு நாமளே நோண்டிருவோம்னு மட்டும் எறங்க வேண்டாம்" என்றார். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப்பர் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், அது விழாதபடி கயிறு போட்டுக் கட்டி வைக்கிற மகாராசன்கள் இருக்கிறார்களாம். பியூஸ் கட்டைக்குத் தடிக் கம்பி போடுகிறவர்களும் இருக்கிறார்களாம். காவலுக்கு நிற்கிறவனைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனுக்குப் பயப்படுகிற கதைதான்.

புது பல்பு போட்டார். அவர் வெளியே அமுக்க, நான் உள்ளே பார்க்க... எரிந்தது. சிவப்பாக.

சேவியர் போன பிறகும் நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு எண்ணம் மெதுவாக வந்தது. சேவியர் பொய் சொல்லவில்லை. வந்திருக்கிறார், அமுக்கியிருக்கிறார், திரும்பிப் போயிருக்கிறார். அப்படியானால்... பேச்சியும் வந்திருக்கலாம்தானே? தட்டோடு வந்து, அமுக்கிப் பார்த்து, அண்ணன் கதவைத் திறக்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம்தானே?

அன்று தறியில் என் கை தானாக ஓடியது. பக்கத்துத் தறிக்காரர், "என்ன, பாட்டெல்லாம் வருது?" என்றார். நான் பாடியது எனக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினேன். அந்த ஊருக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போக முடியுமா? ஆப்பிள் வாங்கினேன். பஸ்ஸில் ஏறி, என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கோபுரம் கண்ணில் பட்டதும் எல்லாம் மறந்துவிட்டது.

கதவைத் திறந்தது பேச்சிதான். "அண்ணே..." என்றாள். ஆப்பிள் பையை நீட்டினேன். உள்ளே மாப்பிள்ளை, அதாவது பேச்சியின் புருஷன், டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சேரில் உட்கார்ந்திருந்தாலும் நிற்கிற மாதிரிதான் இருப்பார். "வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கௌசி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருக்கிறாளாம்.

தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் கடைசியாக ஞாபகமிருந்ததைச் சொன்னேன்.

"நீ வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போயிட்டியோன்னு... எனக்கு ஒரு எண்ணம்மா."

பேச்சி என்னைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று பேசினாள்.

"வந்தேண்ணே! வராம இருப்பனா? நானும் இவியளும்தான் வந்தோம். மொதல்ல ஒனக்குத்தான் வைக்கணும்னு தட்டோட வந்தோம். பெல்ல அமுக்குனோம். உள்ள ‘டிங் டாங்’குன்னு நல்லாக் கேட்டுச்சு. ரெண்டு மட்டம் அடிச்சிச்சு. நீ வரல. செத்த நேரம் நின்னு பாத்துட்டு, சரி, அண்ணன் வேலைக்குப் போயிருக்கும்னு வந்துட்டோம். கேளு, இவியகிட்டக் கேளு."

மாப்பிள்ளை டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

என் வாய் வரை வந்தது. ‘அடி பேச்சி, எங்கள் தெருவில் பெல் அடிக்காது’ என்று.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆமாம்மா. எனக்குத்தான் காது மந்தம்லா. கேட்டிருக்காது" என்றேன்.

டிவி சத்தம் குறைந்தது. மாப்பிள்ளை முதல் தடவையாக என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "அதான் மச்சான் நானும் இவகிட்டச் சொன்னேன். தறியில நிக்கிறவங்களுக்குக் காது கேக்காது, நீ தப்பா நெனைக்காதன்னு."

"இப்பவே தட்ட எடுத்து வச்சிரவாண்ணே?" என்று பேச்சி எழுந்தாள்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? மாமனுக்கு இங்க வச்சா குடுப்பாக? வார ஞாயித்துக்கெழம நல்ல நாளு. நாம அங்க போறோம்" என்றார் மாப்பிள்ளை. பிறகு என்னிடம், "சாப்ட்டுத்தான் போகணும்" என்றார். சாப்பிட்டேன். பேச்சி நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். அம்மா கைப்பக்குவம் அப்படியே இருந்தது.

திரும்பும்போது ஜன்னல் சீட் கிடைத்தது. ஒன்று தெளிவாகிவிட்டது. பேச்சி வரவில்லை. வரவே இல்லை. பல்பு நன்றாக இருந்திருந்தாலும் அது எரிந்திருக்காது. ஊர் தாண்டுகிற வரை வலித்தது. இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஊர் தாண்டியதும் வேறு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஞாயிறு அவர்கள் வருவார்கள். தறிகள் நின்று தெருவே அமைதியாக இருக்கும். பேச்சி சுவிட்சை அமுக்குவாள். சத்தம் வராது. வராது என்றால், அண்ணனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அதுவும் புருஷன் பக்கத்தில் நிற்கும்போது, கையில் தட்டோடு, என் வாசலில் நின்று என் தங்கை தலையைக் குனிய வேண்டுமா?

மறுநாள் காலை டீக்கடையில் சேவியருக்கு முன்னால் நான் நின்றேன்.

"டிங் டாங் பெல்லா? அண்ணாச்சி, அது ஒங்களுக்குக் கேக்காதே!"

"எனக்குக் கேக்காண்டாம்ப்பா. வாசல்ல நிக்கிறவுகளுக்குக் கேட்டாப் போதும்."

சேவியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஊர்ல வீட்டுக்குள்ள கேக்கதுக்குத்தான் பெல்லு வைப்பாக. நீங்க என்ன தெருவுக்கு வைக்கீய? சரி, அந்தப் பல்பக் கழட்டிரவா?"

"வேண்டாம். அதுவும் இருக்கட்டும்."

ஒரே சுவிட்சில் இரண்டையும் கோத்து, பெல்லை வாசல் கதவுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு, பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, பல்புக்கு எதிரே உட்கார்ந்தேன்.

எரிந்தது! சிவப்பாக. கூடவே எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி... டிங் டாங்.

கதவைத் திறந்தேன். பேச்சி தட்டோடு நின்றாள். வெற்றிலை, வாழைப்பழம், குங்குமம், மேலே மஞ்சள் தடவிய கார்டு. உள்ளே காலெடுத்து வைத்தவள் தலையை நிமிர்த்திப் பெல்லைப் பார்த்து, "இதே சத்தந்தாண்ணே அன்னைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

தட்டை வாங்கிக்கொண்டேன். பேச்சி அறையைச் சுற்றிப் பார்த்தாள். நான் இத்தனை வருஷம் பயந்த பார்வை. "அண்ணே, பாத்திரத்த இப்படியா கவுப்பாக?" என்று சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். இதற்காகவா பயந்தேன்?

நான் காபி டம்ளரோடு திரும்பியபோது மாப்பிள்ளையைக் காணவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தார். புகையும் ஒட்டடையும் படிந்த என் சுவரில் பெல்லின் வெள்ளைப் பெட்டி மட்டும் பளபளவென்று இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவரைக்கூட நான் பிரிக்கவில்லை. சேவியரும் பிரிக்கவில்லை. பட்டாளத்துக் கண் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

டம்ளரோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே பேச்சி பாத்திரம் அடுக்குகிற பக்கம் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, அந்தக் கவரை ஒரு ஓரத்தில் பிடித்து மெதுவாக உரித்தார். சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காபி ஆறுது மச்சான், குடுங்க" என்றார்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. பச்சைச் சேலை கௌசிக்கு நன்றாக இருந்தது. மாமன் மாலை நான்தான் போட்டேன். மேடையில் ஓரமாக நின்ற என்னை, போட்டோவுக்காக நடுவில் இழுத்து நிறுத்தியது மாப்பிள்ளை.

இதையெல்லாம் பேச்சி படிப்பாளா? மாட்டாள். பெயர் போடாமல் எழுதுகிற அண்ணன் ஒருவன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை படித்துவிட்டால்? பரவாயில்லை. கவரைப் போட்ட பையிலேயே இதையும் போட்டுக்கொள்வார்.

கௌசி புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். பேச்சிக்கு அவள் வீடு, அவள் வேலை. நான் தறிக்குப் போகிறேன், வருகிறேன், பல்புக்கு எதிரே உட்காருகிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு எரியாமல் இருந்தபோது பல்பு பழுது என்று பிறகாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது பல்பு நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வ. புதுப்பட்டி வாசகிக்கு... வாரேன் என்று சொன்னவர் வரவில்லையென்றால், திட்டுவதற்கு முன் உங்கள் வீட்டு பெல்லை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிடுங்கள், அம்மா. நான் ஞாயிறுதோறும் தறிகள் நின்றதும் வாசலுக்குப் போய் என்னுடையதை அமுக்கிப் பார்க்கிறேன். சத்தம் வெளியிலேயே கேட்கிறது — டிங் டாங் பெல்லைச் சோதிக்க ஒரு ஆள் போதும்.

ஒருவழியாக எழுதி முடித்தது: மார்கழி ஆறு, ஞாயிற்றுக்கிழமை.